நில வரைபடமும் அண்டை வீட்டாரின் உரிமையும்: வடசென்னையின் கதை



சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை என்னைக் காண வந்தார். ராயபுரத்தில் சிறு வணிகம் செய்பவர். கையில் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மூலப்பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மணலிக்கு அப்பால் அரை கிரவுண்டு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தார். "பத்திரப்பதிவு நல்லபடியாக முடிய துஆ செய்யுங்கள் ஹஜ்ரத்" என்றார். துஆச் செய்தபின், "பாய், இந்தச் சர்வே எண் எந்த உபயோகப் பகுதியில் வருகிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவருக்கு அந்தச் சொல்லே புதிது. "பட்டா சுத்தமாக இருக்கிறதே ஹஜ்ரத்" என்றார்.

பட்டா என்பது நிலம் யாருடையது என்பதைச் சொல்லும். வில்லங்கச் சான்று அதன் மீது அடமானமோ வேறு உரிமையோ பதிவாகியிருக்கிறதா என்பதைச் சொல்லும். அந்த நிலத்தில் நீங்கள் என்ன செய்யலாம், உங்கள் சுவருக்கு அப்பால் இருப்பவர் என்ன செய்யலாம் என்பதை இவ்விரண்டும் சொல்வதில்லை. அதைச் சொல்வது நகரின் நில உபயோக வரைபடம். அந்த வரைபடம் வடசென்னையில் எப்படி உருவானது என்பதை அன்று மாலை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். நான் நகரமைப்பு படித்தவன் அல்லன். ஆயினும் ஃபிக்ஹு நூல்களில் அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில், இவ்விரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்பதை உணர்ந்திருக்கிறேன்.

நில உபயோக விதி என்றதும், அது ஆங்கிலேயர் விட்டுச் சென்ற காகிதச் சுமை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் நம்முடைய வரலாற்றின் முதல் நகரங்களே விதியோடு பிறந்தவைதாம். ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 638 வாக்கில், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் இராக்கின் பாலை விளிம்பில் கூஃபா நகரை அமைத்த நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பள்ளிவாசலுக்கான இடத்தின் நடுவில் வில்லாளி ஒருவரை நிறுத்தி நாற்புறமும் அம்பெய்யச் செய்தார்கள். அம்புகள் விழுந்த எல்லைக்கு அப்பால்தான் வீடுகள் கட்டலாம். உட்பகுதி அனைவருக்கும் பொது. பெருவீதிகள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, சந்துகள் 7 முழம், அதற்குக் குறையலாகாது என்று கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமிருந்து கட்டளை வந்தது. வழியின் அகலத்தில் தகராறு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற நபிவழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. நாணலால் கட்டிய முதல் வீடுகள் தீயில் எரிந்து போனபின், செங்கல்லால் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் கூடாது, உயரத்தில் போட்டியிடக் கூடாது என்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. இன்று மாநகராட்சியில் கட்டட அனுமதிக்கு நிற்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஃபிக்ஹு நூல்களில் 'தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல்' என்றொரு பாடம் உண்டு. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படைப் பாடநூல். அதில் 'ஹரீம்' என்ற கருத்து வருகிறது. ஓர் ஊர் ஊராக இயங்குவதற்கு வீடுகள் மட்டும் போதா; வீடுகளைச் சுற்றிலும் ஊராருக்குத் தேவையான வெளி வேண்டும். அந்த வெளியை எவரும் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று சொல்லி வளைத்துக்கொள்ள முடியாது. ஊரின் ஹரீமில் அடங்குபவை எவை என்று நவவீ இமாம் எண்ணிக் காட்டுகிறார்கள்: மக்கள் கூடும் இடம், குதிரைகள் ஓடும் இடம், ஒட்டகங்கள் படுக்கும் இடம், சாம்பல் கொட்டும் இடம். நம்முடைய வருவாய்க் கணக்கில் இவற்றைப் புறம்போக்கு என்கிறோம். சாம்பல் கொட்டும் இடம் என்ற அந்தச் சொற்றொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூருக்குப் போகும்போது அது மீண்டும் வரும்.

அதே பாடத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வீடுகள் சூழ்ந்த இடத்தில் ஒருவர் தம் வீட்டைக் குளியல் விடுதியாகவோ குதிரை லாயமாகவோ மாற்றலாமா? துணிக்கடைகளுக்கு நடுவே தம் கடையைக் கொல்லன் பட்டறையாக்கலாமா? முன்னெச்சரிக்கை எடுத்து, சுவர்களை உறுதிப்படுத்தினால் கூடும் என்பதே சரியான கருத்து என்கிறது மின்ஹாஜ். இந்த இடத்தில் மாணவர்கள் எப்போதும் வியப்படைவார்கள். தடை இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மாலிகி அறிஞர்கள் இதில் கடுமையானவர்கள். கி.பி. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்ற கட்டடக் கலைஞர், அந்நகரக் காழியின் வழக்குகளில் நேரில் சென்று பார்த்து அறிக்கை தருபவராக இருந்தார். அந்த அனுபவத்தைக் கொண்டு கட்டடச் சட்டங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். தீங்கை அவர் புகை, நாற்றம், ஓசை என்று வகைப்படுத்துகிறார். பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்ற நபிவழியிலிருந்து, தோல் பதனிடும் தொட்டியின் நாற்றத்தைத் தடுக்கும் சட்டத்தை அறிஞர்கள் எடுத்த விதம் நுட்பமானது. முதலில் வந்தது பட்டறையா, வீடா என்ற கேள்வியையும் அவர்கள் விடவில்லை. பழைய தீங்கு பழையது என்பதற்காகவே நீடிக்கலாமா என்பதில் அவர்களுக்குள் நீண்ட கருத்து வேறுபாடு உண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக ஒரு கல் தூண் நிற்கிறது. 1773 ஜனவரி 1 என்ற தேதி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சென்னையின் மிகப் பழைய நில உபயோக ஆவணங்களுள் ஒன்று என்று அதைச் சொல்வேன். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. கோட்டைக்கு மிக அருகில் இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரம் எதிரிக்கு மறைவிடமாகும் என்று அஞ்சிய கும்பினியார் அந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இன்று உயர்நீதிமன்ற வளாகம் இருக்கும் இடம் அது. பீரங்கி தடையின்றிச் சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும். அந்த வெளியின் எல்லையைக் காட்டவே தூண்கள் நடப்பட்டன. கூஃபாவில் அம்பு விழுந்த தொலைவு மக்களுக்காக ஒதுக்கப்பட்டது. இங்கே குண்டு பாயும் தொலைவு மக்களிடமிருந்து ஒதுக்கப்பட்டது. இடம்பெயர்ந்தவர்கள் வடக்கே புதிய கருப்பர் நகரில் குடியேறினார்கள். அதைச் சுற்றி எழுந்த மதிலுக்கு வரி விதிக்க முயன்றதன் நினைவாகத்தான் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

தொழிலை வைத்துக் குடியிருப்பைப் பிரிப்பதும் கும்பினியார் காலத்து வழக்கமே. நெசவாளர்களுக்கு 1734இல் சிந்தாதிரிப்பேட்டை. துணி வெளுப்போருக்கு வடக்கே வண்ணாரப்பேட்டை. 1856இல் ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1875இல் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தபின்னும் மீண்டும் கட்டினார்கள். துறைமுகத்தின் சுவர்கள் செய்த ஒரு வேலையை எவரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அச்சுவர்கள் அந்த மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது; வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. குப்பங்களின் தெருக்கள் கடலுக்குள் போயின. இன்று கரை நெடுகக் கொட்டப்பட்டிருக்கும் பாறைகளைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அங்கே மணற்பரப்பு இருந்தது என்பதையே சொல்லித்தான் தெரியவைக்க வேண்டியிருக்கிறது. ஒருவருடைய நிலத்தில் எழுப்பிய சுவர் இன்னொருவருடைய நிலத்தைக் கரைக்கிறது. இப்னுர் ராமீயின் வகைப்பாட்டில் இத்தகைய தீங்கு இல்லை. ஆனால் அவர் இதைக் கண்டிருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்.

1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் ஆபத்தும் அருவருப்பும் தரும் தொழில்களுக்கு உரிமம் வேண்டுமென்றது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பம்பாய்க்கு அடுத்து இந்தியாவில் இத்தகைய சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. பெருமைப்படலாம். ஆனால் அதன் பலன் வடக்கே எவ்வளவு வந்தது என்பது வேறு கதை.

சுதந்திரத்திற்குப் பின் வடக்கே ஆலைகள் வரிசையாக எழுந்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம், 1971இல் மணலி உர ஆலை. துறைமுகம் அருகில், ரயில் பாதை அருகில், கழியின் நீர் அருகில், நிலம் மலிவு. காரணங்கள் எளிதில் புரிகின்றன. இந்த ஆலைகளால் நம் முஹல்லாக்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. என் ஆசிரியர்களில் ஒருவரின் தந்தை ஆலைச் சம்பளத்தில்தான் ஐந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

இந்த ஆண்டுகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சட்டப்படியான அமைப்பானது 1974இல். முதல் முழுமைத் திட்டம் வந்தது 1975இல். வரைபடம் வருவதற்கு முன்பே ஆலைகள் வந்துவிட்டன. ஆகவே வரைபடம் 'இங்கே ஆலை வரலாமா?' என்று கேட்கவில்லை. வந்துவிட்ட ஆலைகளைச் சுற்றிக் கோடு போட்டு, 'சிறப்பு மற்றும் அபாயகரமான தொழிற்சாலைப் பகுதி' என்று பெயர் சூட்டியது. ஆலைகளுக்கு முன்பே அங்கே சின்னசேக்காடு இருந்தது, பெரியசேக்காடு இருந்தது. எண்ணூர்ப் பக்கம் காட்டுக்குப்பமும் முகத்துவாரக் குப்பமும் சிவன்படை வீதிக் குப்பமும் இருந்தன. அபாயகரமான பகுதி என்றால் பொதுவாகக் குடியிருப்புக்கு அனுமதி இல்லை. காவலர் போன்றோர் தங்குமளவுக்கே இடம். அப்படியானால் பழைய ஊர்களின் ஹரீம் எங்கே போயிற்று? முதலில் வந்தவர் யார் என்று தூனிஸ் நகரக் காழி கேட்டிருக்கும் கேள்வியை நம் வரைபடம் கேட்கவே இல்லை.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்கள் சவூதியின் ஜுபைலைப் பற்றிச் சொல்வார்கள். 1975இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் அந்தப் பாலைக் கரையில் தொழில் நகரைத் திட்டமிட்டபோது, ஆலைப் பகுதியையும் குடியிருப்பையும் தொடக்கத்திலேயே தனித்தனியாக வகுத்தது. அவர்களுக்கு வெற்று மணல் கிடைத்தது, பணமும் இருந்தது. நமக்கு மக்கள் நெருங்கி வாழ்ந்த பழங்கரைதான் கிடைத்தது. ஆகவே இந்த ஒப்பீட்டை மிக நீட்டுவது நியாயமில்லை. எனினும் நம் வரைபடத்திற்கும் அதற்கும் ஒரே ஆண்டு என்பது என்னை உறுத்துகிறது.

கோட்டை மாற்றினால் தீங்கு போய்விடுமா? ராயபுரவாசிகள் பல ஆண்டுகள் நிலக்கரித் தூசியோடும் இரும்புத்தாதுத் தூசியோடும் வாழ்ந்தார்கள். கொடியில் காயப்போட்ட வெள்ளை ஜுப்பா மாலைக்குள் பழுப்பாகிவிடும் என்பது அக்காலத்தில் என்னோடு ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம், அவ்வாண்டு அக்டோபர் முதல் அந்தத் தூசிச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று ஆணையிட்டது. ராயபுரம் மூச்சு விட்டது, அல்ஹம்துலில்லாஹ். நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்திற்கு இடம் மாறியது. 2001இல் தொடங்கிய அந்தத் துறைமுகம் முதலிலிருந்தே அனல் மின் நிலையத்தின் நிலக்கரிக்கெனக் கட்டப்பட்டதுதான். நம் தெருவின் தூசி போனதற்கு நாம் ஷுக்ரு செய்த அதே காலத்தில், வேறொரு கரையில் நிலக்கரிச் சுமை கூடியது. ஒரு பகுதியிலிருந்து நீக்கிய தீங்கு எங்கே போய் அமர்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. எனக்கும் அப்போது வரவில்லை.

நம் சமுதாயத்தின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் தொழிலில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முஸ்லிம்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தச் செல்வத்தால் பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் எழுந்தன. ஆற்றோரம் ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த ஆலைகள் வரக் கூடாது என்று 1989இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. பாலாற்று மாசு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் கிணறுகளில் நீர் கெட்டவர்கள் எல்லா மதத்தவரும்தான், நம்மவர்களும் உட்பட. மின்ஹாஜ் சொன்ன முன்னெச்சரிக்கை என்ற நிபந்தனையை நாம் ஓதினோம். தொட்டிகளின் ஓரத்தில் அதை நடைமுறைப்படுத்தினோமா என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டியிருக்கிறது. எண்ணூரைப் பற்றிப் பேசும் வாய்க்கு இதையும் பேசும் கடமை உண்டு.

எண்ணூருக்கு வருகிறேன். 1991 பிப்ரவரி 19 அன்று மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான கடற்கரையையும், கடல்நீர் ஏறி இறங்கும் கழிகளின் ஓரத்தையும் அது காப்பாற்ற முனைந்தது. 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடம் எண்ணூர்க் கழியின் நீர்ப்பரப்பைக் காக்கப்படவேண்டிய பகுதியாகக் காட்டியது. பின்னர் புழக்கத்தில் வந்த ஒரு வரைபடத்தில் அந்தக் கழியே காணவில்லை என்பதை 2017இல் சூழலியல் ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் பெற்ற ஆவணங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினர். ஆறு இருக்கிறது, இறால் பிடிப்பவர்கள் கையால் தடவிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வரைபடத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. அனல் மின் நிலையத்தின் சாம்பல் கலந்த நீரைக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது; வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. ஊரின் சாம்பலை ஊரார் கொட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும், அதை எவரும் பறிக்கலாகாது என்பதுதான் நவவீ இமாமின் காலத்துச் சிக்கல். நகரம் முழுவதற்கும் விளக்கெரித்த சாம்பல் ஒரே ஊரின் ஹரீமில் வந்து கொட்டும் என்பதை அவர்கள் எப்படி நினைத்திருக்க முடியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் வரை பரவியது. படகுகளும் வலைகளும் கருமை பூண்டன. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கப்பலிலிருந்து ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு செல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் கைக்குழந்தைகளோடு வீட்டை விட்டு ஓடினார்கள். எந்தப் பகுதியில் குழாய், எந்தப் பகுதியில் தொட்டில் என்று வரைபடம் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். தொட்டிலுக்குச் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். அந்தத் தந்தைக்குச் சொன்னதையே சொல்கிறேன். இன்று நடப்பில் இருப்பது 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டம். அதன் இலக்கு ஆண்டு 2026. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, சிறப்பு மற்றும் அபாயகரமான தொழிற்சாலை, திறந்தவெளி, வேளாண்மை என்று நிலம் பகுக்கப்பட்டிருக்கிறது. வரைபடங்களில் வழக்கமாகக் குடியிருப்பு மஞ்சள், தொழிற்சாலை ஊதா. கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருந்தால் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். புரியாவிட்டால் எழும்பூரில் உள்ள அலுவலகத்தில் கேட்கலாம். 'குடியிருப்பு மனை' என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பது தரகரின் சொல். அதைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஓர் இடத்தின் உபயோகத்தை மாற்றக் கோரி விண்ணப்பம் வந்தால் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். சிறிய எழுத்தில், சர்வே எண்களாகவே இருக்கும் அந்த அறிவிப்பை நாம் தாண்டிப் போகிறோம். உங்கள் தெருவுக்குப் பின்னால் கிடங்கு வரப்போவதை அந்தச் சிறிய எழுத்துத்தான் முன்கூட்டிச் சொல்லும். ஜமாஅத் அலுவலகத்தில் ஜுமுஆ அறிவிப்புகளோடு இதையும் ஒருவர் படித்துச் சொல்வது கடினமான காரியமன்று.

அந்த மனையின் சர்வே எண்ணை மறுநாள் இருவருமாகப் பார்த்தோம். தொழிற்சாலைப் பகுதி. அவர் நெடுநேரம் பேசவில்லை. மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்: விஷயத்தைத் தரகரிடம் சொன்னபோது, பத்திரம் முடித்துக்கொண்டு ஆறு மாதத்தில் வேறொருவருக்குக் கைமாற்றி விடலாம், எவரும் பார்ப்பதில்லை என்று யோசனை கூறினாராம். "அது கூடுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். குறையை அறிந்தவர் அதை வாங்குபவரிடம் மறைத்து விற்பது ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடையே வேறுபாடில்லை என்றேன். வீடு கட்ட அனுமதி கிடைக்காத வீட்டுமனையைவிடப் பெரிய குறை எதுவாக இருக்க முடியும்? அவர் தலையசைத்தார். ஆனால் அந்தத் தலையசைப்பில் அடகு நகையின் பாரம் இருந்தது; நான் பார்க்காமல் இல்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்க என்னையும் உடன் அழைத்தார். விற்க வந்தவரும் நம் முஹல்லாக்காரரே. வயதானவர், இருபது ஆண்டுகளுக்கு முன் ஓய்வுப் பணத்தில் வாங்கிப் போட்ட மனை. எங்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். நான் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டியதும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை ஊதா நிறத்தின் மேல் வைத்து, "இது என்ன நிறம் ஹஜ்ரத், இதற்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார்.